உன் கோப்பில் என் கையெழுத்து

என் பிரியமான நேசன்,

உன்னைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார்கள். மார்த்தா என்ற ஜேர்மன் பெண், உன் வழக்கறிஞரின் அறிமுகத்தோடு, நேற்று டுசல்டோர்ஃபில் எங்கள் வீட்டுக்குக் கமெராவோடு வந்தாள். உன் வயலினைக் கேட்டாள். உன் அக்கா அதை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கோபத்தில் நீ முறித்த வில்லையும் சேர்த்துத்தான்.

மொழிபெயர்க்க மார்த்தா கூட்டிவந்த ஆள் யார் தெரியுமா? அகதி முகாமில் உன்னோடு ஒரே அறையில் இருந்த தவம். அவனைக் கண்டதும் அக்கா குசினிக்குள் போய்விட்டாள்.

எண்பத்தாறில், நாடுகடத்தலுக்கு எதிரான கூட்டத்தில் வயலின் வாசிப்பதற்காக நீ பிராங்பேர்ட் போனாய். அகதி விண்ணப்பம் முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்ட உனக்கு அனுமதி இல்லை. பிடிபட்டது இரண்டாம் முறை என்பதால் சிறை. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று முகாம் முழுக்கப் பேச்சு. எல்லாருடைய கடதாசிகளையும் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்வந்தவன், ஜேர்மன் மொழி தெரிந்த தவம். வேறு யாரை நினைப்பார்கள்? பொதுச் சமையலறையில் அவனுடைய தேநீர்க் குவளையை எடுத்து யன்னலோரம் தனியே வைத்தார்கள்.

ஊரில் தேநீர்க் கடையில் சிலருக்குத் தனிக்குவளை வைத்ததை எதிர்த்து, கடை வாசலில் குந்தியிருந்து நாள் முழுக்க வயலின் வாசித்தவன் நீ. உன் பெயரைச் சொல்லியே அந்தக் குவளையை ஒதுக்கினார்கள். நானும் அக்காவும் அதே முகாமில்தான் இருந்தோம். பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்த்தாவின் கேள்வியை முகத்தில் எதையும் காட்டாமல் தவம் தமிழில் சொன்னான்: "நேசனைக் காட்டிக்குடுத்தது ஆரெண்டு நினைக்கிறியள் எண்டு கேக்கிறா, அண்ணை."

"அதைச் சொல்ல ஏலாது."

"ஏலாதோ, விருப்பமில்லையோ? எதை மொழிபெயர்க்க?"

மார்த்தா உன் வழக்குக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். முகாமில் நான் கையால் எழுதி ரோணியோ மெசினில் அச்சடித்த நம் பத்திரிகையின் முதற்பக்கம். உன் முழுப்பெயர், முகாம் இருந்த ஊர், நீ வாசித்த மண்டபம், நாள், நேரம். பெயருக்குக் கீழே ஒரு கோடு. பின்னால் ஜேர்மன் மொழிபெயர்ப்பு ஒன்று குத்தியிருந்தது.

தவம் அதை முழுவதும் வாசித்தான். "அண்ணை, இது உங்கட கையெழுத்தெல்லோ?"

"கமெராவை நிப்பாட்டச் சொல்லு."

"அவ அப்பவே நிப்பாட்டிப் போட்டா."

ஓம் நேசன், நான்தான். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் செய்தியாளனாக இருந்த எனக்கு, பெயரும் ஊரும் நேரமும் இல்லாமல் ஒரு செய்தி எழுத வராது. "அத்தான், நீங்கள் செத்தவீட்டிலையும் இனிஷல் கேட்டு எழுதுற ஆள்" என்று பகிடி பண்ணுவாய். எழுதியதோடு விட்டேனா? ஒவ்வொரு இதழிலும் ஒரு பிரதியை முகாம் அலுவலக மேசையில் நானே கொண்டுபோய் வைப்பேன். நாங்கள் எதையும் ஒளிப்பதில்லை என்று காட்டத்தான். அதைத் தமிழில் வாசிக்க அவர்களிடம் ஆள் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

சிறையிலிருந்து வந்தபின் உன் விரல்கள் தந்தியில் நடுங்கின. குடி கூடியது. போன மாரியில் உன் நெஞ்சு நின்றது. ஆனால் சிறையிலிருந்து வந்த முதல் நாளே, யன்னலோரம் கிடந்த தவத்தின் குவளையைக் கழுவி எல்லாருடையதோடும் வைத்தாயே! விசாரணையில் இந்தத் தாளை உனக்குக் காட்டினார்களா? தெரிந்துகொண்டா என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டாய்?

இன்று காலை அக்காவிடம் சொன்னேன். "நேற்று அவனுக்கு நான் ஒரு தேத்தண்ணிகூடக் குடுக்கேல்லை" என்றாள். அவ்வளவுதான்.

தவத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். நாளை கமெரா ஓடும்போதே சொல்கிறேன், நம் பத்திரிகையிலும் எழுதுகிறேன் என்றேன். "உன்ர பேரைப் போடலாமோ?" என்றும் கேட்டேன். அன்றைக்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"போடுங்கோ அண்ணை. முழுப்பேரும். இனிஷலையும் விடாதேங்கோ."

ஆகவே எழுதுகிறேன்: சி. தவநாயகம் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தது என் செய்தி. நாளை இதே வசனத்தைக் கமெராவுக்கு முன்னால் சொல்வேன். அவன் மொழிபெயர்க்கும்வரை தலை குனியமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் அக்காவைக் கட்டியவன்,
உன் அத்தான்