சாயத்துக்கு அடியில் இருந்த அம்பு

வேளாங்கண்ணி,
14.6.1998

அன்புள்ள ஆல்பினுக்கு,

சகாயநாதன் மாமா எழுதுவது. அம்மா நலம். முழங்கால் வலிதான் தஞ்சாவூர் போய் வந்ததில் கொஞ்சம் கூடியிருக்கிறது. குவைத்தில் வெயில் கடுமை என்று பேப்பரில் பார்த்தேன். மத்தியானத்தில் வெளியே நிற்காதே.

போனில் இதைச் சொல்ல வந்தபோது நீ பேச்சை மாற்றிவிட்டதாக அம்மா சொன்னார். அதனால் எழுதுகிறேன். நிருபராகவே காலம் கழித்தவன் நான். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அப்பாவின் துப்பாக்கியைச் சோதித்துவிட்டார்கள்.

தொண்ணூற்றாறு தேர்தலுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரையும் போல உன் அப்பா மரியசூசையும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். முடிந்ததும் வாங்கப் போனால், புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் தரவில்லை. குழலின் அடியில் அரசாங்கச் சொத்துக்கு அடிக்கும் அம்புக்குறி இருந்தது. பார்வைக்கும் பட்டாளத்துப் பெரிய துப்பாக்கி த்ரீ நாட் த்ரீ மாதிரியே இருக்கிறது. லைசென்ஸில் பாயிண்ட் டூ டூ, அதாவது சின்னக் குழல் என்று போட்டிருந்ததை அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பட்டாளத்திலிருந்து வந்தவர் வீட்டில் பட்டாளத்துத் துப்பாக்கி என்றால் ஊர் சும்மா இருக்குமா? "சூசை சுட்டது கொக்கை மட்டுமில்ல போலிருக்கே" என்று மீன் மார்க்கெட்டில் சிரித்தார்கள். ரைஃபிள் கிளப் ஏலத்தில் எடுத்தேன் என்று அவர் சொன்னதற்கு ரசீது இல்லை. நீயும் லீவில் வந்தபோது, ஊர் சொல்வது உண்மையா என்று கேட்டாய். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை. துப்பாக்கியை உருக்கிவிடச் சம்மதம் என்று மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். அம்மா கையெழுத்துப் போடவில்லை. சோதிக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்.

தஞ்சாவூரில் சோதித்தவர் சுடர்விழி என்ற பெண். நன்னிலம் பக்கம். பெற்றோர் நடவுக் கூலிக்குப் போய்ப் படிக்கவைத்தார்கள். தடய அறிவியலில் துப்பாக்கிப் பிரிவு அதிகாரி. வாரிசு என்ற முறையில் அம்மாவையும், துணைக்கு வந்த என்னையும் உட்கார அனுமதித்தார். ஒருவர் வேலை செய்வதை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து வெகுநாளாயிற்று.

முதலில் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்துக் குழல் வாயில் வைத்தார். நுழையவில்லை. "த்ரீ நாட் த்ரீன்னா பென்சில் உள்ள போயிடும் சார். இது டூ டூ தான்" என்றார். சிப்பாய்கள் குறிபார்த்துப் பழகுவதற்காக, பெரிய துப்பாக்கியின் உருவத்திலேயே சின்னக் குழலோடு செய்வார்களாம். பின்னால் பொடித் துளை வைத்த குறிபார்க்கும் தகடு இருந்தது. தோட்டாவைத் தள்ளும் போல்ட்டிலும் துப்பாக்கி உடலிலும் ஒரே எண். "ஒட்டுப்போட்டது இல்ல, ஒரே பிறப்பு" என்றார். பிறகு அம்புக்குறிக்கு வந்தவர் நின்றுவிட்டார். அதைச் சுற்றித் தடிப்பாகக் கறுப்புச் சாயம்.

"இது துப்பாக்கிச் சாயம் இல்லையேம்மா?"

"படகுக்கு அடிக்கிறதும்மா. உப்புக்காத்துல துரு பிடிச்சு, கட்டிலுக்கு அடியில வச்சா விரிப்பெல்லாம் கறை. நான்தான் அடிங்கன்னு நச்சரிச்சேன்" என்றார் அம்மா.

சுடர்விழி சிரிக்கவில்லை. பஞ்சில் தின்னரைத் தொட்டுத் தொட்டு, நகக்கண் அளவாகச் சாயத்தை எடுத்தார். அம்புக்கு எதிரே இன்னொரு அம்பு வந்தது. இரண்டும் முனையோடு முனை தொட்டன.

ஒற்றை அம்பு என்றால் அரசாங்கத்துடையது. எதிரெதிராக இரண்டு என்றால், அரசாங்கமே வேண்டாம் என்று விற்றுவிட்டது. அதுதான் அதற்குப் பொருள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சுடர்விழி அதோடு விடவில்லை. "இது அப்பறமா அடிச்சதுன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லுவார்" என்று பூதக்கண்ணாடியை எடுத்தார். இரண்டு குறிகளின் விளிம்பும் ஒரே மாதிரித் தேய்ந்து, பழைய உலோக நிறம் இரண்டின் பள்ளத்திலும் ஒன்றாகவே ஊறியிருந்தது. என்னையும் பார்க்கச் சொன்னார். அப்படியானால் சூசை ஏலத்தில் வாங்கியது உண்மைதானே என்று ஆசையாகக் கேட்டேன். "யார் கையிலேர்ந்து யார் கைக்குப் போச்சுன்னு துப்பாக்கி சொல்லாது சார். திருட்டுன்னு சொல்றதுக்கு இதுல ஒண்ணுமில்ல. அதை எழுதித் தர்றேன்" என்றார். நானாக இருந்தால் ஒரு வரி கூட்டி எழுதியிருப்பேன். அவர் கூட்டவில்லை. அதனால்தான் அவர் சொன்னதை யாரும் அசைக்க முடியாது. இன்ஸ்பெக்டரும் அறிக்கையைப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்து, அம்மாவிடம் வருத்தம் தெரிவித்தார்.

இனி ஒரே ஒரு தடை. உன் சம்மதக் கடிதம் ஆபீசில் அப்படியே இருக்கிறது. நீ அதைத் திரும்பப் பெறாவிட்டால் இந்த மாதக் கடைசியில் உருக்கிவிடுவார்கள். அறிக்கை மிஞ்சும். ஆனால் மீன் மார்க்கெட்டில் அறிக்கையை யார் படிப்பார்கள்? அந்த இரண்டு அம்பும் நம் கையில் இருக்க வேண்டும்.

அம்மா உன்மேல் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் கேட்டது ஒன்றுதான்: "ஆல்பினுக்கு நீங்க எழுதுவீங்களாண்ணே? நான் எழுதுனா அழுதுடுவேன்."

நீண்ட மனு வேண்டாம் தம்பி. நான்கு வரி போதும். 'மரியசூசை மகன் ஆல்பின்' என்று தொடங்கு. அனுப்புவதற்கு முன்னால் போனில் அம்மாவுக்கு ஒருமுறை படித்துக் காட்டு.

மாதா உன்னைக் காப்பாராக.

அன்புடன்,
சகாயநாதன்