பகல் பதினொரு மணிக்குத் தூங்கியவனுக்கு

இவ்வளவு நாள் வாய் மூடிக் கிடந்தது போதும், மாப்ள. இன்று எழுதிவிடுகிறேன்.

காலையில் எங்கள் கல்லூரி வளாகத்தில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். மழைக்குப் பிறகு வழக்கமாகச் செய்வதுதான். நான் மண்புழுவின் நரம்பு மண்டலத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். சன்னல் வழியாக அந்த நெடி வந்ததும் கை நின்றுவிட்டது. சுகாதார ஆய்வாளராக நீ ஊர் ஊராகச் சுற்றிய இருபது வருடமும் உன் சட்டையில் இருந்த நெடி. நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி அடுப்படியிலிருந்து, "சொகாதாரம் வந்துட்டாரா? டீ போடவா?" என்று கேட்பாள்.

மதியம் ஆசிரியர் அறையில் ஒருவர் கைபேசியில் செய்தி ஓடியது. அரசு ஊழியர்கள் பழைய ஓய்வூதியம் கேட்டுப் பெரம்பலூரில் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர் மேசைக் கணித ஆசிரியர், "சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்குனது பத்தலயாம் சார், செத்த பொறவும் குடுக்கணுமாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க அன்னிக்கே பேப்பர்ல நாக்கப் புடுங்குற மாதிரி எழுதுனீங்களே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

அரியலூர் கல்லூரியில் நாம் விலங்கியல் படித்த மூன்று வருடமும் குன்னத்திலிருந்து ஒரே பஸ். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய் இறங்கும்போது நம் இருவர் தலையும் வெளுத்திருக்கும். "எறங்குடா கெழவா" என்பாய். இப்போது எனக்கு உண்மையாகவே நரைத்துவிட்டது. அப்படிக் கூப்பிடத்தான் ஆளில்லை.

தவளையை அறுத்து ஊசி குத்துவது நீ. உன் ரெக்கார்டு நோட்டுக்கும் சேர்த்துப் படம் வரைவது நான். எனக்கு முதல் வகுப்பு, உனக்கு இரண்டாம் வகுப்பு. நான் மேலே மேலே படித்துத் தனியார் கல்லூரியில் வந்து விழுந்தேன். நீ ஒரு பயிற்சியை முடித்து அரசு வேலைக்குப் போனாய். மாதக் கடைசியில் உன் சம்பளம் தவறாமல் வரும். என்னுடையது பிள்ளைகள் ஃபீஸ் கட்டிய பிறகு, கரஸ்பாண்டன்ட் மனம் வைத்த பிறகு. உன் மகளுக்கு நீ வண்டி வாங்கிக் கொடுத்த அன்று நான் வாழ்த்துச் சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அந்த எரிச்சலோடுதான் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து உன்னைப் பார்த்தேன். குன்னத்துக்குப் பக்கத்து ஊர் நிழற்குடை. துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாய். பகல் மணி பதினொன்று. இறங்கி எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாளிதழின் வாசகர் பகுதிக்கு எழுதினேன். மக்கள் வரிப்பணத்தில் பகல் பதினொரு மணிக்கு நிழற்குடையில் உறங்கும் சுகாதார ஊழியருக்கு எதற்கு இந்தச் சம்பளம் என்று. கீழே என் பெயர், பட்டங்கள் எல்லாம்.

அது வந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். முகத்தில் கோபமே இல்லை. "டைம் கரெக்டா போட்ட மாப்ள. கொறட்டய மட்டும் விட்டுட்ட" என்றாய். நான் சிரிக்கவில்லை. டீயை ஆற்றியபடியே கேட்டாய்: "எனக்கு ஏன் இவ்ளோன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கேட்ட. சரி. உனக்கு ஏன் இவ்ளோதான்னு ஒங்க கரஸ்பாண்டன்ட்ட ஒரு தடவ கேட்டியாடா?"

எனக்குச் சுருக்கென்றது. "செகண்ட் கிளாஸ்காரன் எனக்குக் கிளாஸ் எடுக்காத" என்றேன்.

தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாய். அடுப்படிப் பக்கம் பார்த்து, "வரேம்மா" என்றாய். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதன் பிறகு நீ வரவே இல்லை. நானும் வீம்பாக இருந்துவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து உனக்கு நெஞ்சுவலி என்ற செய்தி வந்தது. நான் வண்டியை எடுப்பதற்குள் அடுத்த செய்தியும் வந்துவிட்டது.

உன் வீட்டுப் பந்தலில் ஓரமாக நின்றேன். பக்கத்தில் நின்றவர் அந்த நிழற்குடை ஊரின் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். தானாகவே பேசினார். "எங்க ஊர்ல வாந்தி பேதி வந்தப்ப சார் மூணு வாரம் கெடந்தாருங்க. விடியக்காலம் நாலு மணிக்கே வந்து தொட்டியில மருந்து கலப்பாரு. கடைசி வூட்டுக் கொழாயில தண்ணி புடிச்சு, கலந்த மருந்து அங்க வரைக்கும் வந்துருக்கான்னு சொட்டு மருந்து விட்டுப் பாத்து, மஞ்சளா மாறுனாத்தான் ஊர குடிக்க வுடுவாரு. அப்பறம் வூடு வூடா போவாரு. முடியலன்னா பஸ் ஸ்டாப்புல சித்த கண்ண மூடுவாரு. அதயும் எவனோ படிச்சவன் பேப்பர்ல போட்டான்."

எவனோ என்றுதான் சொன்னார். நான் தலையாட்டினேன், மாப்ள. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இதை நீயே அன்று சொல்லியிருக்கலாம். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய்.

அரசு ஊழியர்கள் எல்லோரையும் நான் மன்னித்துவிடவில்லை. ஒரு சான்றிதழுக்கு மூன்று முறை அலையவிட்டு, சம்பளத்தோடு கிம்பளமும் எதிர்பார்த்தவனை இன்றைக்கும் ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் உன் சம்பளம் எனக்கு அதிகமாகத் தெரிந்தது என்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான். அதை உன்னிடம் ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

இன்று கல்லூரி விட்டதும் கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போனேன். நீ கேட்கச் சொன்னதைக் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அவர் முதுகுக்குப் பின்னாலிருக்கும் இரும்பு பீரோவில் என் அசல் சான்றிதழ்கள் இருக்கின்றன, சேர்ந்த நாளில் வாங்கி வைத்தவை. "என்ன சார்?" என்றார். "ஒண்ணுமில்ல சார், நாளைக்கு லீவு வேணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். உன் கேள்வி இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது. உன்னுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது அதுதான். அதை விழுங்கவும் மனமில்லை.

இந்தக் கடிதத்தை அதே நாளிதழுக்கு அனுப்புகிறேன். பெயரில்லாததை அவர்கள் வெளியிட மாட்டார்கள், தெரியும். நீ இருந்தால் "பயந்தாங்கொள்ளி" என்று வயிறு குலுங்கச் சிரிப்பாய். சிரித்துக்கொள். உன்னைப் பற்றி எழுதியபோது பட்டங்களைக்கூட விடாமல் போட்டேன். என் சோற்றைப் பற்றி எழுதும்போது பெயரைப் போடத் துணிவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டி, பஸ் ஸ்டாண்டுத் தபால்பெட்டியில் போடப் போகிறேன்.