வாரத்துக்கு ஒரு மாத்திரை

ஆடி, செவ்வாய் இரவு

அத்தையின் வைட்டமின் டி மாத்திரை தீர்ந்துவிட்டது என்று கரமனை மருந்துக்கடைக்குப் போனேன். காலி அட்டைகளைப் பார்த்த கடைக்காரர், "சேச்சி, இது வாரத்துக்கு ஒண்ணாக்கும். இத்தனையும் அதுக்குள்ள தீர்ந்தோ? அளவு கூடினா ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தியும் தாகமும் வரும், புத்தியும் தடுமாறும். உடனே ரத்தம் பார்க்கணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை ஞாயிறுதோறும் அவரேதான் தன் அம்மாவுக்கு எடுத்துக் கொடுப்பார். அவர் இறந்துபோனபிறகு அத்தையே போட்டுக்கொள்கிறாள். வந்து கேட்டேன்.

"தெனமும்தான் போடுதேன். எம்மவன் வாங்கி வச்சது. சத்து மாத்திரை ஆளைக் கொல்லுமாட்டி?" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "நாளைக்குப் பாப்போம்" என்று படுத்துவிட்டாள்.

கொஞ்ச நாளாகவே வாந்தி எடுத்தாள், தண்ணீர் தண்ணீர் என்றாள், சாப்பாட்டை ஒதுக்கினாள். எல்லாம் மகன் போன துக்கம் என்று விட்டுவிட்டேன். எனக்கும் அப்படித்தானே சோறு இறங்கவில்லை.

இதை எழுதும்போதே அத்தை எழுந்து வந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தாள். வாசலைப் பார்த்து, "அவன் இன்னும் வேலை விட்டு வரல்லியாட்டி?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை.

நாளைவரை காத்திருக்க மாட்டேன். பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணனை எழுப்பப் போகிறேன். அதற்குமுன் அத்தைக்குச் சேலை மாற்றிவிட வேண்டும்.