மொய் எழுதாமல் போன காதுகுத்து

ஐப்பசி, புதன் இரவு.

பேத்தி செல்வியின் சடங்கில் வந்த மொய் முழுவதையும் நகராட்சியின் கல்லூரிச் சேமிப்புத் திட்டத்தில் அவள் பெயரில் போட வைத்தவன் நான்தான். நாம் போடும் அளவுக்கு அவர்களும் உதவித்தொகை சேர்ப்பார்கள். கல்லூரியில் சேரும்வரை எடுக்க முடியாது. அதனால் மொய்யைத் திருப்பிச் செய்ய வீட்டில் பணமில்லை.

இன்று மார்க்கையன்கோட்டையில் மருமகளின் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. "வெறுங்கையோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?" என்று மகன் படுத்துக்கொண்டான். நான் போனேன்.

மொய் மேசையைத் தாண்டும்போது எல்லோருக்கும் கேட்கும்படி மருமகளின் அண்ணன் சொன்னான்: "வாங்க மாமா! எங்க காசுலதான் உங்க பேத்தி காலேஜு போகுதாக்கும்?"

"ஆமாப்பா. அவ படிச்சு வேலைக்குப் போனதும் செய்வோம்."

"அதுக்குள்ள இந்தப் பயலுக்குக் கல்யாணமே முடிஞ்சுரும்!"

பந்தலே சிரித்தது. சிரிக்கட்டும். நான் கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிய காலத்தில் என் படிப்புக்கு எவனும் மொய் எழுதவில்லை. நாளைக்குக் கேட்டாலும் அந்தப் பணத்தை அங்கேதான் போடுவேன்.

வீடு திரும்பியதும் செல்வி கேட்டாள்: "அங்கன சாப்ட்டீகளா தாத்தா?"

"கறிச்சோறு நல்லாருந்துச்சு ஆத்தா" என்றேன்.

நான் பந்தியில் உட்காரவே இல்லை. பசியில் தூக்கம் வரவில்லை.