மொனரா வரும் சத்தம்

ருவான்வெல்லை
18.06.2004

ஓடும். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்டது வண்டியைப் பற்றி மட்டும் அல்ல.

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். சுகம் விசாரிப்பதற்கு முன்பே பதிலைப் போட்டுவிட்டேன். இங்கே அத்தையும் நானும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கட்டாரில் இந்த மாதம் வெயில் எரிக்கும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அந்த வெயிலில் வெல்டிங் நெருப்பு வேறு. தண்ணீர் குடிக்கிறீர்களா? அத்தை தினமும் இதைத்தான் கேட்கிறார்.

மாத முடிவுக்குள் அங்கே மறுபடி வேலைக் கடதாசியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும், பட்டறை நமக்குச் சோறு போடும் என்று நான் சொன்னால் போடாமலே வந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பலமுறை படித்தேன். முடிவை என் கையில் தந்திருக்கிறீர்கள். நன்றி. பயமாகவும் இருக்கிறது.

போன மாதமே எழுதியிருப்பேன். அப்போது எழுத நல்ல செய்தி இருந்தது. பிறகு அது மாறியது. மாற்றியது நான்.

கொழும்பிலிருந்து ஒரு ஹோட்டல் மாத்தயா வந்தார். சிங்களவர், இளம் வயது, மெல்லப் பேசுகிறவர். சமாதானக் காலம் அல்லவா, வெள்ளைக்காரர்கள் திரும்ப வருகிறார்கள். பழைய மோட்டார் சைக்கிளில் அவர்களை றப்பர் தோட்டம் வழியாகக் கூட்டிப்போகலாம் என்பது அவர் எண்ணம். பத்து மொனரா வேண்டும் என்றார்.

உங்கள் பட்டறைக் கூட்டாளி ரஸாக் நானா அவருக்கு மொனரா கதை சொன்னதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தன் வாப்பா ஸம்சுதீன் இதே கொட்டகையில் தோட்டத்துச் சின்னத்துரைமாருக்கென்றே செய்த வண்டி. டாங்கியில் பெயருக்கேற்ற மயில் படம். எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் வரவு நின்றதும் பட்டறையும் நின்றது. வாப்பா மூடி வைத்த அச்சுகளை நீங்களும் அவரும் தோண்டி எடுத்தது. எல்லாம் உண்மைதான். முதல் கியரில் தென்னை மரம்கூட ஏறும் என்றதும், ஜப்பான்காரனுக்கு நம் வளைவுகளைப் பற்றி என்ன தெரியும் என்றதும் அவருடைய சொந்தச் சரக்கு. சிங்களத்தில் சொன்னார். அதனால் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

சத்தம்தான் மாத்தயாவை மயக்கியது. வாப்பாவின் அச்சிலேயே வார்த்த பழைய சைலன்சர். அந்தப் படபடப்பு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மறுநாள் காலை சோதனை ஓட்டம். நீங்கள் போவதற்கு முன் ஒட்டிய அந்த முதல் சேஸியில் மாத்தயா. முன்னால் இன்னொன்றில் ரஸாக் நானா. நான் மேலே றப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் காத்திருந்தேன். பால் வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம்.

வண்டிச் சத்தம் கீழே வளைவில் கேட்டது.

பிறகு வேறொரு சத்தம். டங். டங்டங். வாளியில் கத்தி படும் சத்தம். ஒரு மரத்தடியில் தொடங்கி அடுத்த மரத்துக்கு, அங்கிருந்து அடுத்த நிரைக்கு. வண்டி வளைந்து வளைந்து ஏற, அது நேராக மலையேறியது. வண்டிக்கு முன்னால் என்னிடம் வந்து சேர்ந்தது.

இப்படித் தட்டுவார்கள் என்று சின்ன வயதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் காதால் கேட்டது அன்றைக்குத்தான். சின்னத்துரை வருகிறான், எழும்பு, தலைச் சாக்கை எடு, வெற்றிலையைத் துப்பு. உட்கார்ந்திருப்பவளைக் கண்டால் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம் போய்விடும். துரைமார் ஜீப்புக்கு மாறி எத்தனையோ வருடம். இப்போது வெட்டுகிற இளம் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு தெரியாது. பழைய பெண்கள் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். அந்த ஏழெட்டுப் பேரும் தட்டினார்கள்.

மாத்தயா மேலே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் முழுக்கச் சிரிப்பு. பெரஹர ஊர்வலம் போல இருந்தது என்றார். வழி நெடுகத் தாளம் தட்டி வரவேற்றார்களாம், எழுந்து நின்றார்களாம், இவ்வளவு அன்பான சனங்களைக் கண்டதில்லையாம். வெள்ளைக்காரர் வரும்போதெல்லாம் இதே மாதிரித் தட்ட வேண்டும், தட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு தரமும் சந்தோசக் காசு தருவதாகச் சொன்னார். பத்து வண்டி போதாது, பதினைந்து என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ரஸாக் நானா தமிழில் முந்திக்கொண்டார். "தங்கச்சி, ஒண்ணும் சொல்லிறாதீங்க. அவர் பெரஹரன்னா பெரஹரதான்."

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து வண்டி என்றால் நீங்கள் வீட்டில். அதைத்தான் நினைத்தேன். வேறெதையும் நினைக்கவில்லை.

சாயந்தரம் லயத்துத் தண்ணீர்ப் பீலியடியில் எல்லாரும் இருந்தார்கள். மாத்தயா எதை என்னவென்று நினைத்தார் என்று சொன்னேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அழகம்மாக்கா, "அப்ப பயந்து சும்மா தட்டுனோம். இப்ப காசுக்குத் தட்டுனா என்ன கொறஞ்சு போச்சு? பதினஞ்சு தரம் வேணும்னாலும் தட்டுறேன், வரச் சொல்லு அவன" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கோபமாக இருந்தார். யார் மேல் என்று கேட்டேன்.

"தட்டுனது பெரிசில்ல புள்ள. வெத்தலையத் துப்பிட்டேன். அப்பத்தான் போட்டது. நல்ல வெத்தல."

பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான்தான் மொத தட்டுனது. தட்டணும்னு நெனைக்கவே இல்ல. கை தானா போயிருச்சு. எம் மகன் செஞ்ச வண்டின்னு தெரியும். தெரிஞ்சும் எழும்பி நிக்கிறேன்."

இதை உங்களுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மீதி புரியாது.

அடுத்த நாள் பஸாருக்குப் போய், கொமியூனிகேசன் கடையிலிருந்து மாத்தயாவுக்குப் போன் எடுத்தேன். அது வரவேற்பு அல்ல என்று சிங்களத்தில் சொன்னேன். என்னவென்றும் சொன்னேன். அரைப் பேர் என்பதற்கு மட்டும் சிங்களம் வரவில்லை. சுற்றி வளைத்து விளக்கினேன். மாத்தயா யோசித்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். நீங்கள் திரும்பி வரும் பயணத்தை நானே வெட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மழையில் நடந்து வந்தேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

ரஸாக் நானா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் வீட்டு மர்லியா அக்கா மூலமாகத்தான் சொல்லி அனுப்பினார், தேத்தண்ணி வேணுமா என்பதைக்கூட. மூன்றாம் நாள் போனபோது சைலன்சரைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார். உள்ளே தகடு வைத்து அடக்கலாமாம். நானாகக் கேட்கவில்லை. "சத்தமில்லாத மொனரா, தோகை இல்லாத மயிலு. எங்கட வாப்பா கபுருக்குள்ள பொரளுவார்" என்று திட்டிக்கொண்டே தகடு வெட்டினார். ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டேன். வாளி தட்டிய மூக்காயி அக்கா நேற்றுக் கடைக்கு வந்தபோது தன் முகத்தைப் பார்க்கவில்லை, அது சரிவராது என்றார். சுத்தியலைத் தரச் சொன்னார்.

அந்த மனிதரை நமக்குத் தந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

போன ஞாயிறு மாத்தயா திரும்ப வந்தார். போன் பண்ணவில்லை. நேராக லயத்துக்கு வந்தார், கையில் ஒரு கட்டு வெற்றிலையோடு. போனில் வெற்றிலைக் கதையையும் சொல்லியிருந்தேன், எப்படி வாயில் வந்ததோ. காம்பு அத்தை பக்கம் இருக்கும்படி இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து கொடுத்தார். அவர்களுக்குள் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். வாங்கினார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. அன்னைக்குத் துப்புனது இதவிட நல்லது" என்றார். மொழிபெயர்க்கட்டுமா என்று மாத்தயாவைப் பார்த்தேன். வேண்டாம், புரிந்தது என்றார்.

பிறகு அடக்கிய சைலன்சரோடு ஒரு ஓட்டம் போய்வந்தார். இந்தத் தோட்டத்துக்குள் விருந்தாளிகளைக் கூட்டி வருவதை விட்டுவிட்டார். ஆற்றோரப் பாதைக்கு மூன்று வண்டி போதும் என்றார். இந்தச் சத்தத்தோடு, இந்த மயிலோடு.

மூன்று. பதினைந்து அல்ல.

அழகம்மாக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வரவேண்டிய சந்தோசத்தைக் கெடுத்தவள் நான். அதுவும் உண்மை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பழைய பெயருக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் கொஞ்சப் பேர்தான், அவர்களை நம்பி மட்டும் பட்டறை நடக்காது. ஆனால் குருவிட்டையிலிருந்து மாணிக்கக் கல் தோண்டும் கிடங்குக்காரர் இருவர் வந்து பார்த்தார்கள். அவர்களுக்கு மயிலும் வேண்டாம், கதையும் வேண்டாம். தண்ணீர்ப் பம்பைப் பின்னால் கட்டிக்கொண்டு சேற்றில் ஏற வேண்டும், அவ்வளவுதான். ஏறிக் காட்டினோம். ஒருவர் முற்பணம் தந்துவிட்டுப் போனார். எம்பிலிப்பிட்டியவிலிருந்தும் ஒருவர் விசாரித்தார். என் கணிப்பில் வாழ்வு அந்தப் பக்கம்தான். தோட்டத்துரைக்குப் பிறந்த வண்டி, சேற்றில் நிற்பவனிடம் போய்ச் சேருகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் மெதுவாக. இப்போதைக்குப் பட்டறை தன்னைத் தானே சுமக்கும். நம்மையும் சுமக்க இன்னும் ஒரு வருடம் வேண்டும். ரஸாக் நானா ஆறு மாதம் என்கிறார். அவர் தென்னை மரத்தில் ஏறுகிறவர், அதனால் ஒரு வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். அந்த முதல் சேஸியை இத்தனை ஓட்டத்துக்குப் பிறகு கழற்றிப் பார்த்தோம். குருவிட்டைக்காரர் பம்போடு ஏறியதும் அதில்தான். நீங்கள் வைத்த ஒட்டு ஒன்றுகூட விடவில்லை. ரஸாக் நானா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அவர் தள்ளிப் போன பிறகு நானும் தடவிப் பார்த்தேன்.

கணக்குக் கேட்காமலே என்னை நம்புகிறீர்கள். நம்பிக்கொண்டு அவ்வளவு தூரத்தில் நெருப்பின் முன் நிற்கிறீர்கள். அதற்கு என்னால் முடிந்தது இந்த உண்மையான பதில். கதிரேசன் உங்களைக் கண்ணும் கையும் சேதமில்லாமல் காக்கட்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

அவர்கள் இரண்டு வருடக் கடதாசிதான் தருவார்கள் என்றால், போட வேண்டாம். வாருங்கள்.

என்றும் உங்கள்,
சுமித்ரா

(உறையின் பின்புறம், தபாற்கந்தோரில் எழுதுவது)

அடக்கிய சைலன்சர் போட்ட வண்டியை நானே ஓட்டி வந்தேன், தோட்டத்துக்குள்ளால். யாரும் எழும்பவில்லை. கடைசி நிரையில் அத்தை உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உட்கார்ந்தபடியே வாளியில் ஒரு தட்டுத் தட்டினார், வேண்டுமென்றே. நான் ஹோர்ன் அடித்தேன். முத்திரை ஒட்டியாகிவிட்டது. இனிக் குருவிட்டைக்காரருக்கு டயர் பார்க்கப் போகிறேன்.