புகைக்கென்று ஓர் அடுப்பு

கடையில் ஒரு கரிப் பை கிழிந்திருந்தது. தெரியாமல் தூக்கிவிட்டேன், கை முழுக்கக் கறுத்துப்போயிற்று. மணந்து பார்க்காதே என்று மனம் சொல்ல முன்னமே விரல் மூக்குக்குப் போய்விட்டது. உன் மணம். சந்தனமும் மல்லிகையும் மணக்கிற தோழிகள் ஊர்ப்பட்டவர்களுக்கு இருக்க, எனக்குக் கரி மணக்கிற நீதான் வாய்த்தாய்.

பக்கத்தில் உன் மகள் மயூரி நின்றாள். அவள் முன்னால் அவளுடைய நெஞ்சளவு உயரத்தில், இறைச்சியைப் புகையில் வேகவைக்கிற ஒரு கறுத்த ஸ்மோக்கர்.

“அன்ரி, அம்மா வேணுமெண்டு திரிஞ்சது இதுதான். வாங்குவம். சனிக்கிழமை அஜக்ஸ் வீட்டில, அம்மாவின்ர பின்வளவிலதான் மூட்டவேணும். அப்பா இந்த முறையும் மாட்டன் எண்டா, நான் இனி அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன். ஐ மீன் இட்.”

உன் ஆண்டுத் திவசம் போன கிழமைதான் முடிந்தது. மரக்கறிப் படையலோடு ஐயர் தன் வேலையை முடித்துக்கொண்டு போனார். அம்மாவுக்குப் பிடித்ததை ஒருநாளாவது வைக்கவேண்டும் என்று இவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் சொன்னால் அப்பா கேட்பாராம். நானோ கடை வண்டிலை அந்த அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோகாமலே நின்றேன்.

இந்த அடுப்புக்காக நீயும் உன் மனுசனும் பிடித்த சண்டையை நான் எத்தனை கோடைக்குப் பார்த்திருக்கிறேன். நான் அண்ணை என்று கூப்பிடுகிற உன் மனுசன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருக்கிற பாபிக்கியூவிலேயே கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் இறைச்சியை வைத்து மூடினால் புகை பிடிக்கும். வருசத்தில் பாதி பனிக்குள் புதைந்து கிடக்கப்போகிற சாமானுக்கு எதற்கு இடம் என்று கேட்பார். நீ விடுவாயா?

“உங்கட அம்மா வீட்டில மச்சச் சட்டி வேற, மரக்கறிச் சட்டி வேறதானே வச்சிருந்தவ? வெள்ளிக்கிழமை சோளமும் கத்தரிக்காயும் சுடுற தட்டில நான் சனிக்கிழமை ஆட்டுத்தொடை போடவோ? புகைக்கெண்டு ஒரு அடுப்பு வேணும்.”

 மாட்டிறைச்சிக்கென்றே செய்த ஓர் அடுப்பை மச்சச் சட்டிக் கணக்கில் கேட்டு வாதாட நம்முடைய ஆட்களைவிட்டால் யாரால் முடியும்? ஆனாலும் ‘அடுத்த கோடைக்கு வாங்குவம்’ என்று நீயே கடைசியில் இறங்கிவிடுவாய்.

நான் உதவிக்கு வந்து செய்ததெல்லாம் உபத்திரவம்தான். சும்மா இருக்க ஏலாமல் பாபிக்கியூ மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். உடனே கையில் ஓர் அடி விழும். “எடியே, இது குழம்பில்லை உப்புப் பார்க்க! புகையும் கோபமும் ஒண்டு. அவசரப்பட்டாக் கைக்கும்.” ஆம்பிளைகள் கதிரையில் இருந்து அரசியல் பேச, நீ புகைக்குள் நின்று சிரிப்பாய்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் இருமல் வந்தது. சிகரெட்டைக் கண்ணாலும் காணப் பிடிக்காத உனக்குச் சுவாசப்பையில் வருத்தம். கோயில் வரிசையில் நின்ற ஒரு மனுசி என் காது கேட்கவே, “உந்தக் கரிப்புகைதான் அவவைத் தின்னுது” என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம். “அப்ப காலமை பின்னேரம் சாம்பிராணிக்குள்ள நிக்கிற ஐயருக்கு ஏன் ஒண்டுமில்லை?” என்று கேட்டு வாயடைக்கச் செய்தேன். வீட்டுக்கு வந்தபிறகு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. டொக்டர் காரணம் சொல்ல முடியாது என்றார். அந்த மனுசி சொன்னது பொய் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. ஸ்மோக்கருக்குக் கிட்டப் போகாமல் நின்றது அதனால்தான்.

மயூரியின் கோபம் வேறு இடத்தில் இருந்தது. கடைசிக் கோடையில் வீட்டுக்குள் ஒக்சிசன் இயந்திரம் ஓடியது. நெருப்புக் கூடாது என்று வாசல் கதவில் அட்டை ஒட்டியிருந்தது. நீ கட்டிலில் இருந்தபடி அண்ணையிடம் கேட்டாய்: “ஒருக்கா மூட்டுங்கோவன். மணக்க மட்டும்.” அவர் மாட்டன் என்றார். மாடிப்படியில் நின்ற உன் மகளுக்கு அது கேட்டுவிட்டது. அன்றைக்கு அடைத்த வாயை அவள் தகப்பனோடு இன்னும் சரியாகத் திறக்கவில்லை. ஆட்டிறைச்சிக்காக ஒரு பிள்ளைக்கு இவ்வளவு கோபம் வராது என்று எனக்குக் கடையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

“இப்ப வாங்கவேண்டாம் பிள்ளை. முதல்ல அப்பாட்டைப் போவம்” என்றேன்.

“நீங்களும் அவற்ர பக்கமோ?” என்றாள். பிறகு நானூற்றியோராம் நெடுஞ்சாலையில் காரை அஜக்ஸ் வீட்டுக்கு விரட்டினாள்.

அண்ணை கதவைத் திறந்தார். என் கையைப் பார்த்தார். கரி என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போதே குசினிக்குள் சண்டை வெடித்துவிட்டது.

“அம்மா ஒண்டே ஒண்டுதான் கேட்டவ, அப்பா. நீங்கள் நோ எண்டனீங்கள்.”

“ஓம். நான்தான் மாட்டன் எண்டனான்.” அண்ணையின் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “மூச்செடுக்க ஏலாமக் கிடந்த மனுசி புகை கேட்டவ. நான் மூட்டி, அண்டைக்கே அவ போயிருந்தா, நீ என்னோட கதைச்சிருப்பியோ?”

  நான் கையைக் கழுவி முடித்தும் குழாயை மூட மறந்து நின்றேன்.

“கதைச்சிருக்கமாட்டன்” என்றாள் மயூரி. “எப்பிடியும் உங்களோடதான் கோவிச்சிருப்பன். வேற ஆரோட கோவிக்கிறது?”

அவர் கதிரையில் இருந்துவிட்டார். அழுதார் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். உன் செத்தவீட்டிலும் அழாத மனுசன், குசினி மேசையில் தலையை வைத்து அழுதார். அவள் அவருடைய முதுகில் கை வைக்கப் போனாள், எடுத்தாள், பிறகு வைத்தாள்.

“வாங்குங்கோ” என்றார் என்னிடம். “இந்த வளவில வேண்டாம், தங்கச்சி. எனக்கு ஏலாது.”

எனவே உன் மச்சச் சட்டி, அந்த ஸ்மோக்கர், இப்போது வெக்ஸ்போர்ட்டில், என் வீட்டுப் பின்வளவில் நிற்கிறது. சனிக்கிழமை விடிய மயூரியும் நானும் மூட்டினோம். என் கை பழக்கதோசத்தில் மூடிக்குப் போனபோது அவள் தட்டிவிட்டாள். அடி கொஞ்சம் உன்னுடையதைவிடப் பலம். அண்ணை வருவாரா மாட்டாரா என்று இரண்டு பேரும் கேட்காமலே பின்வளவுக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்தபடி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் கூப்பிடவில்லை. அப்போது காற்றுத் திரும்பி, புகை முழுவதும் அவர் பக்கம் போயிற்று.

“அப்பா, தள்ளி நில்லுங்கோ, புகை வருது!” என்று மயூரி கத்தினாள்.

அவர் அசையவில்லை. கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார்.

“வரட்டும்” என்றார்.

மயூரி போய் அவருக்குப் பக்கத்தில், அந்தப் புகைக்குள்ளேயே நின்றாள். புகைதான் உன்னைக் கொண்டுபோனதா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியாமலேதான் கரி வாங்குகிறேன், ஒவ்வொரு முறை மூட்டும்போதும் பயப்படுகிறேன். ஆனால் நீ கட்டிலில் இருந்து கேட்டபோது அவரால் சொல்ல முடியாமல் போன சொல் அந்த ‘வரட்டும்’தான். உனக்குக் கேட்டிருக்காது என்பதால், அதை உனக்காக நான் வைத்திருக்கிறேன்.