தரங்கம்பாடிக்குக் கிடைத்த வானம்

அன்பு மாப்பிள்ளை,

என் தங்கையை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து உங்களோடு சண்டை போட்டே பழகிவிட்டேன். இப்போதும் ஒரு வழக்கோடுதான் எழுதுகிறேன்.

போன வாரம் என் மகள் தேன்மொழி, காரைக்காலில் நான் பாடம் நடத்திய பள்ளிக்கே பேச வந்தாள். மலைமேல் ஆங்கிலேயர் கட்டிய சூரிய ஆய்வுக்கூடத்தில் இப்போது அவளுக்கு வேலை. முன்வரிசையில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "எனக்கு வானத்து மேல ஆசை வந்ததே தரங்கம்பாடி மாமாவாலதான்" என்றாள். பெற்றவன், அதிலும் புவியியல் வாத்தியார், எதிரே இருக்கிறேன். எரியாதா எனக்கு?

உங்கள் ஊரில் டேனிஷ்காரர்கள் ஒரு காலத்தில் சின்ன வானாய்வுக்கூடம் வைத்திருந்தார்கள். அது என்னவோ உங்கள் பாட்டன் சொத்து மாதிரி பேசுவீர்கள். "உங்க காரைக்கால ஆண்ட பிரெஞ்சுக்காரன் என்ன மச்சான் குடுத்தான்? போலீசுக்குச் சிவப்புத் தொப்பி."

உண்மைதான். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சு அறிஞரும் புதுச்சேரியில்தான் உட்கார்ந்தார். வருடக்கணக்கில் காத்திருந்தும், அன்றைக்கு மேகம் மூடிவிட்டது. அந்த மேகம்கூட எங்கள் ஊருக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் எல்லை ஊரான பூவம் தாண்டி என் மாணவர்களை உங்கள் கடற்கரைக்கு பஸ்ஸில் கூட்டிவருவேன். தேன்மொழியும் வருவாள். நடுக்கடலில் இருப்பவனுக்குத் தான் எவ்வளவு கிழக்கே வந்தோம் என்று அலை சொல்லாது; சொந்த ஊர் நேரத்தையும் தான் இருக்கும் இடத்து நண்பகலையும் ஒப்பிட்டால்தான் தெரியும் என்று விளக்குவேன். கொட்டாவி விடுவார்கள். நீங்கள் கையைக் குழலாக்கிக் கண்ணில் வைத்தால் போதும், அத்தனை பேரும் உங்கள் பக்கம்.

"டேனிஷ்காரன் வானத்தப் பாத்தது கப்பல் வழி தவறாம சரக்கு ஏத்திட்டுப் போக, மாப்ள."

"எதுக்குப் பாத்தா என்ன மச்சான், பாத்தான்ல?"

உடனே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளை எண்ணத் தொடங்கிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வேலை செய்பவர்களை உங்கள் கடற்கரைக்கு அழைத்து வருகிறாள். "மாமா சொன்ன மாதிரியே அந்த வானாய்வுக்கூடத்துக் கதையைக் கரையில நின்னு சொல்லுங்கப்பா" என்கிறாள். எல்லாவற்றையும் என் கதையாகவே சொல்லிவிட்டால் என்ன? மறுக்க நீங்கள் இப்போது உயிரோடு இல்லையே.

இல்லை மாப்பிள்ளை. உங்கள் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன். கப்பல், சரக்கு, வியாபாரம் எல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். நீங்கள் குறுக்கே பேசும் இடம் அதுதானே? அங்கே உங்கள் வாதத்தையும் நானே சொல்கிறேன். நன்றாகவே சொல்கிறேன், சத்தியமாக.

பொறாமை தீராத
உங்கள் காரைக்கால் மச்சான்